கடலைப் பார்த்து உட்கார்ந்தது போதும்

மகனே, எப்படி இருக்கிறாய்? செங்கல்பட்டுத் தண்ணீர் இப்போதாவது உனக்கு ஒத்துக்கொண்டதா, இல்லை மெஸ் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே இன்னும் இளைத்துக்கொண்டிருக்கிறாயா? ஏரிக்கரைப் பக்கம் ரூம் என்றால் கொசு பிடுங்குமே, வலை கட்டிக்கொண்டு படுக்கிறானா என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள். வலை வீட்டில் பிறந்தவனுக்கு அதையுமா சொல்லித் தர வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதிலை எழுத மாட்டேன் என்று உன் மாமன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

ஆமாம், எழுதுவது உன் மாமன்தான். என் கையெழுத்து கட்டைவிரல் என்பது உனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் அவனுடைய தையல் மெஷின் பெல்ட் அறுந்துபோனதால், கடையைப் பூட்டிக்கொண்டு அக்கா வீட்டுச் சோற்றுக்கு வந்தான். வந்தவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். நான் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன், அவன் அதைப் புத்தகத் தமிழாக வெட்டித் தைக்கிறான். “நீ பேசறத அப்படியே எழுதினா படிக்கிறவன் சிரிப்பான் மச்சான்” என்கிறான். சரி, என் பேச்சை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் தை, மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் மற்றவர்களுடைய சட்டையைக் கேட்காமல் வெட்டக்கூடாது. இதை அவனே ஒத்துக்கொண்டான்.

கடிதம் உனக்குத்தான், ஆனால் இதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததும் டீக்கடையில் ஒருமுறை உரக்க வாசித்துவிட்டுத்தான் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று நாட்டார் சொல்லிவிட்டார். குப்பத்துக்குத் தலைவர் அவர். கட்டுமரம் ஏற்றுகிற நம் மணல் கைவிட்டுப் போனால் முதல் வசவு அவருக்குத்தான் விழும். ஆகையால் இதைப் படிக்கும்போது, உன் அப்பன் குரலுக்குப் பின்னால் கையில் டீ கிளாஸோடு ஊரே நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

சங்கதிக்கு வருகிறேன். நீ டைப் அடித்து அனுப்பிய மனு வெள்ளிக்கிழமை கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. ஓரம்கூட மடங்கவில்லை. உன் அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். எழுத்து ஒவ்வொன்றும் சவுக்குக் கன்று நட்டதுபோல வரிசையாக இருந்தது. அந்த அழகான மனுவை நீ மாற்றி எழுத வேண்டும். இதைச் சொல்லத்தான் இத்தனை பேச்சும். ஏன் மாற்ற வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம், ஆனால் எதையும் ஒரு வரியில் சொல்ல எனக்கு வராது. நீ அதைக் கேட்டுத்தானே வளர்ந்தாய், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

போன ஐப்பசியில் முதல் ஆபீசர் வந்த கதையை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்வதற்கு எல்லோருக்கும் வெட்கம். நம் ஊர்க்கூட்டத்தின் முறை உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் டீக்கடையில் வெளியூர்க்காரர்களும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். நம் கூட்டத்தில் யாரும் வாய் திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்வது கிடையாது. நாட்டார் ஒரு விஷயத்தைச் சொல்வார். பிடித்தவன் அப்படியே உட்கார்ந்திருப்பான். பிடிக்காதவன் எழுந்து, துண்டை ஒரு உதறு உதறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். நாட்டார் முதுகுகளைப் பார்ப்பார். முதுகு அதிகமாக இருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இதில் ஒரு நல்லது உண்டு. சாயங்காலம் கூட்டத்தில் முட்டிக்கொள்கிறவர்கள் விடியற்காலை ஒரே கட்டுமரத்தில் ஏறவேண்டியவர்கள். முகத்துக்கு முகம் ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லும் கூடவே மரத்தில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். முதுகு அப்படி இல்லை. திரும்பினால் போயிற்று.

இந்த முறையில்தான் அந்த ஆபீசருக்கும் பதில் சொன்னோம். சவுக்குத் தோப்புக்கும் அலைக்கும் நடுவில் நாம் மரம் ஏற்றி வைக்கிற மணல் முழுவதையும் வெளியூர்க் கம்பெனி ஒன்று ஓட்டல் கட்டக் கேட்கிறது என்றார். சுற்றிலும் சுவர் வரும், உள்ளே வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள், உங்கள் பையன்களுக்குத் தோட்ட வேலை கிடைக்கும் என்றார். நல்ல மனுஷன்தான், குரலில் அதட்டல் இல்லை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பேசி முடித்துவிட்டு, “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்று கேட்டார்.

நம் கிழக்கு வீட்டுப் பெரியவர்தான் முதலில் எழுந்தார். துண்டை உதறிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் பின்னால் நான், என் பின்னால் என் மரத்துக்காரர்கள், அப்புறம் வடக்குத் தெரு, தெற்குத் தெரு. கடைசியில் நாட்டாரே எழுந்து திரும்பினார் மகனே. முதுகு பார்க்கிறவர் அவர், அவருடைய முதுகை ஒரு கூட்டத்திலும் யாரும் பார்த்தது கிடையாது. இதைவிடப் பெரிய ‘வேண்டாம்’ நம் கரையில் யாரும் சொன்னதில்லை என்று எனக்கு மயிர் சிலிர்த்தது. ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டதும் ஜெயித்துவிட்டோம் என்று திரும்பினோம். அன்றைக்கு எல்லா வீட்டிலும் வஞ்சிர மீன் குழம்பு. உன் அம்மா மட்டும் அடுப்பே மூட்டவில்லை.

பெண்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் தோப்போரம் நின்றிருந்தார்கள். கடல் காற்று எங்கள் காதுக்குக் கொண்டுவராததை எல்லாம் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். “என்னய்யா, எல்லாரும் கடலைப் பார்க்கப் போயிட்டாங்க?” என்று ஆபீசர் கேட்டாராம். “மீன் வர்ற நேரம் சார், இவங்களுக்கு அதான் நெனப்பு” என்றானாம் பியூன். அப்படியானால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள் என்று அவர் சொன்னபோது உன் அம்மா ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டாளாம். “சார், அவங்க முதுகு காட்னா வாணாம்னு அர்த்தம். இது எங்க ஊரு மொற.” அவர் கோபப்படவில்லை. சிரித்தபடியே சொல்லியிருக்கிறார்: “முதுகை எப்படிம்மா ஃபைல்ல எழுதறது?”

இதை அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் கேட்கவில்லை. குழம்பு வைக்கச் சொன்னேன். பொங்கல் கழிந்து நோட்டீஸ் வந்தது. உன் மாமன்தான் படித்தான். ஊர் மக்களை நேரில் விசாரித்ததில் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று போட்டிருந்தது. பெரிய ஆபீசர் ஒருவர் இடத்தைப் பார்க்க வருவார், சொல்ல வேண்டியதை மாதக் கடைசிக்குள் எழுத்தில் செங்கல்பட்டு ஆபீசுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. மணலைத் தூக்கிக் கொடுத்தது நாமே என்று அப்போதுதான் புரிந்தது. நமக்கு வடக்கே பாறை, தெற்கே முகத்துவாரம். நடுவில் இருக்கிற அந்த மணல் போனால் மரத்தை ஏற்ற வேறு கரை கிடையாது. கரை இல்லாத மீன்காரன் என்ன செய்வான்? அந்த ஓட்டலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான்.

அப்போது நாட்டார்தான் உன் பெயரைச் சொன்னார். “நம்ம புள்ள ஒருத்தன் இங்கிலீசுல எழுதிகினு சம்பளம் வாங்கறான். அவன் இருக்கச்சொல்ல வேற ஆளு எதுக்கு?” அப்படித்தான் உனக்குச் சொல்லி அனுப்பியது. உன் மனு வந்ததும், கொடுப்பதற்கு முன்னால் யாரிடமாவது ஒருமுறை வாசிக்கக் கொடுத்துக் கேட்டுவிடலாம் என்று திருக்கழுக்குன்றத்துக்குப் போனோம். நானும் நாட்டாரும் போவதாக ஏற்பாடு. பஸ் கிளம்பும்போது உன் அம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள். நீ எதுக்கு என்று நாட்டார் கேட்டதற்கு, “மலைக்கோயிலுக்கு” என்றாள். கோயில் பக்கம் அவள் தலைகூடத் திருப்பவில்லை.

புளியமரத்தடியில் டைப் மெஷின் வைத்துக்கொண்டு மனு எழுதுகிற ஐயா ஒருவர் இருக்கிறார். வயதானவர். மெஷினில் ஒரு எழுத்து தேய்ந்துபோய்விட்டதால் அந்த எழுத்தை மட்டும் பேனாவால் போடுவார். அவர் உன் மனுவை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“பையன் சுத்தமா எழுதிகீறான். இங்கிலீசுல ஒரு தப்பு இல்ல. ஆனா வேணாம்னு ஒரு வார்த்த எங்கயும் இல்லியேப்பா.”

“இன்னா சாமி சொல்ற? நாங்க வாணாம்னு சொல்லத்தான் எழுதச் சொன்னோம்” என்றார் நாட்டார்.

“ரிக்வெஸ்ட்னு கீது, வேண்டிக்கிறோம்னு அர்த்தம். ரெக்ரெட்னு கீது, வருத்தப்படறோம்னு அர்த்தம். நீங்க வருத்தப்பட்டா ஆபீசரும் கூட சேர்ந்து வருத்தப்படுவாரு. பட்டுட்டு, செவுத்த கட்டிக்கோன்னுவாரு.”

நாட்டார் விடவில்லை. இங்கிலீசில் தனக்குத் தெரிந்த கோபமான சொற்களை எல்லாம் அவர் எடுத்து நீட்ட ஆரம்பித்தார். “அப்போ ரிஜெக்ட்னு போடு சாமி. எறா கம்பெனிக்காரன் வந்து அந்த ஒரு வார்த்தய சொல்லிட்டான்னா, அப்பால அந்தக் கூடைய நாய்கூட மோந்து பாக்காது.”

“நீட்னாத்தான் நாட்டாரே தள்ள முடியும். எறாவ நீ நீட்ன, அவன் தள்னான். இங்க கம்பெனி உன்கிட்ட எத நீட்டிச்சி? உன் மணல எடுத்துக்கினு போறான். நீ எத தள்ளுவ?”

எனக்கு அப்போது செய்யூர் சம்பந்தம் ஞாபகம் வந்தது. தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்தார்கள், நீ உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய், நாங்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்தோம். அதுதான் ரிஜெக்ட். அந்தப் பெண்ணுக்கு இப்போது கருங்குழியில் கல்யாணமாகி, மாமியாரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாளாம். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றாள். அது கிடக்கட்டும்.

“ரெஃப்யூஸ்?” என்றார் நாட்டார். ஐயா இல்லை என்று தலையை ஆட்டினார். ஒருவர் நம்மை ஒன்றைச் செய்யச் சொல்ல வேண்டும், நாம் செய்ய மாட்டேன் என்று நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்தச் சொல் என்று அவர் விளக்கும்போதே உன் அம்மா குறுக்கே வந்தாள். “அது எனக்குத் தெரியும். பங்களாக்காரன் மீன் கூடைய பின்னால வழியா கொண்டான்னான். முன்னாலதான் வருவேன்னேன். கூடாதுன்னான். அவன் வாசல்லயே கூடைய கவுத்துட்டு வந்துட்டேன்.” ஐயா அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். “அதேதாம்மா. ஆனா இப்போ உங்கள இன்னா செய்யச் சொன்னாங்க? ஒண்ணும் சொல்லல. சொல்லாததுக்கு மாட்டேன்னு எழுதினா, இன்னாத்த மாட்டேன்றன்னு கேப்பான்.”

ஒத்துப்போகவில்லை என்பதற்கு டிஸ்அக்ரீ என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் போடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். உன் மாமன் எப்போதோ சொன்னது. “அது டீக்கடைக்கு நல்லாருக்கும்” என்றார் ஐயா. “அவரு நெனப்பு அவருக்கு, உன் நெனப்பு உனக்குன்னு ஆயிடும். செவுரு அது பாட்டுக்கு எழும்பும்.” சரிதான். நானும் உன் மாமனும் காற்று எப்போது திரும்பும் என்று வருஷம் முழுக்க ஒத்துப்போகாமல்தான் இருக்கிறோம். தையல்காரனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்பேன் நான், நனைந்த துணி காய்வது எனக்குத்தான் தெரியும் என்பான் அவன். ஒரே சட்டிச் சோற்றைத்தான் தின்கிறோம். (இதை எழுதும்போது அவன் முணுமுணுக்கிறான். எழுது மச்சான்.)

போலீஸ்காரர்கள் சொல்கிற டினை என்ற சொல்லை நாட்டார் கடைசியாக எடுத்தபோதுதான் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுக்கு ஒரு எடம் கீது” என்றார். ஒருவன் நம்மைப் பற்றி ஒன்று சொல்கிறான், அது நடக்கவே இல்லை, உண்மை இல்லை என்று சொல்வதற்கு அந்தச் சொல்லாம். சின்ன வயதில் பக்கத்து வீட்டு நெத்திலிக் கருவாட்டை எடுத்தாயா என்று கேட்டபோது, உதட்டோரம் உப்பு ஒட்டியிருக்க, இல்லவே இல்லை என்று நின்றாயே, அதுதான். உன்னுடையது பொய்யான டினை. நம்முடையது நிஜமானது. “நோட்டீசுல யாரும் ஆட்சேபிக்கலன்னு போட்டுகீறான் பாரு, அத டினை பண்ணு. செவுத்த அப்ஜெக்ட் பண்ணு. இத அங்கயும் அத இங்கயும் மாத்திப் போட்ட, ரெண்டும் கெட்டுது. செவுத்த டினை பண்ணா, செவுரே இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.”

அப்ஜெக்ட் என்பதை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். வேறொருவன் ஒன்றைச் செய்யப் போகிறான், அதைச் செய்யாதே என்று குறுக்கே நிற்பது. ஆனால் வெறுமனே நின்றால் போதாதாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’ என்று ஒரு சின்னக் கொக்கி உண்டு, அதில் எதை என்பதை மாட்டியே ஆக வேண்டும். சுவர் கட்டுவதை, வழியை மூடுவதை, மரம் ஏற்றுவதைத் தடுப்பதை, இப்படி ஒவ்வொன்றாக. கொக்கியில் ஒன்றும் இல்லை என்றால் ஆபீசில் அதைச் சும்மா கத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். தூண்டில் போடுகிறவனுக்கு இது புரியாதா?

நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்று நாட்டார் கேட்டார். ஐயா உன் மனுவை மடித்து என் கையில் வைத்தார். “நான் எழுதினா எல்லா மனுவும் மாதிரி இருக்கும். எந்தப் பாறை, எந்த முகத்துவாரம், மரத்த எந்தக் காத்துல எங்க ஏத்துவீங்க, இது அவனுக்குத் தெரியும். அத எழுதி, கூட அந்த ரெண்டு வார்த்தயும் போட்டா போதும். அவனுக்கு அந்த வார்த்த தெரியாம இல்ல. வேணும்னே தாண்டிப் போயிருக்கான்.”

அன்றைக்கே பஸ்ஸில் திரும்பினோம். பூஞ்சேரி தாண்டியதும் உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “புள்ள பயந்துகினு எழுதிகீறான்யா.”

பயந்திருப்பாய். அது எனக்குத் தெரியாதா? உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மனு கொடுக்கிற ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் உன் ஆபீஸ். அந்த ஆபீஸ்காரர்களோடு டீ குடித்துக்கொண்டு, அவர்கள் எழுதியதையே இல்லை என்று எப்படி எழுதுவது என்று யோசித்திருப்பாய். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவன் நீ. சவுக்கு வரிசை மாதிரி எழுத்து, ஒரு இடத்தில்கூட அதட்டல் இல்லை. படிக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் மகன் இங்கிலீசில் எழுந்து, துண்டை உதறி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியது. நாங்கள் மணலில் செய்ததை நீ காகிதத்தில் செய்திருக்கிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அது நம் ஊர் மரியாதை, உன் ரத்தத்திலும் இருக்கிறது.

ஆனால் உன் அம்மாவுக்கு அந்த மரியாதை கிடையாது, அதைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். பெண்களுக்குக் கூட்டத்தில் இடம் இல்லை. இடம் இல்லாததால் திரும்பி உட்காருகிற வசதியும் இல்லை. வேண்டாம் என்றால் அவர்கள் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். நீ எட்டாவது முடித்த வருஷம் என் மரத்தில் ஒரு ஆள் குறைந்தது. உன்னை ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்து, உன் இடுப்புக்குக் கயிறுகூட அளந்துவிட்டேன். விடியற்காலை எழுந்து துடுப்பைத் தேடினால், அவள் வாசற்படியில் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

“இன்னாமே, எழுந்திரு. காத்து போவுது.”

“இவன மரத்துல ஏத்தாத.”

“ஏத்தினா இன்னா? ஊர்ல எல்லா பசங்களும் ஏறல?”

“ஊர்ல எவன் வேணா ஏறட்டும். எம் புள்ள பள்ளிக்கூடம் போறத நீ நிறுத்தறது எனக்கு ஒப்பல.”

கத்தவில்லை. அழவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எதை ஒப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள். அந்த ஐயா சொன்ன கொக்கியில் சரியாக மாட்டினாள் பார். நான் எவ்வளவோ பேசினேன். அவள் வேறு எந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை, எந்தச் சொல்லையும் குறைக்கவில்லை, துடுப்பிலிருந்து எழவும் இல்லை. அன்றைக்கு நான் கடலுக்குப் போகவில்லை, நீ பள்ளிக்கூடம் போனாய். அவள் அன்று கூட்டத்து ஆண்களைப்போல முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தால், நான் பார்த்திருக்கவே மாட்டேன், உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். நீ இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருப்பாய். அந்த மனுவை எழுத நம் குப்பத்தில் ஆள் இருந்திருக்காது.

ஆகையால் மகனே, அந்த இரண்டு சொற்களையும் போடு. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று அவர்கள் எழுதியதை மறுக்கிறோம் என்று ஒன்று. சுவர் கட்டுவதை ஆட்சேபிக்கிறோம் என்று ஒன்று. முதலாவதில் அன்றைக்கு நடந்ததை எழுது, எழுந்தது, துண்டை உதறியது, திரும்பியது, அதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்பது, எல்லாவற்றையும் எழுது. முதுகை ஃபைலில் எழுத முடியாது என்றாரே, எழுத முடியும் என்று காட்டு. இரண்டாவதில் பாறையையும் முகத்துவாரத்தையும் எழுது. மரியாதை வேண்டும் என்றால் மேலே ‘ஐயா’ என்று போடு, கீழே ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போடு. நடுவில் வேண்டாம் என்பது வேண்டாம் என்றே இருக்கட்டும். வருத்தப்படுகிறோம் என்பதை எடுத்துவிடு. நாம் வருத்தப்படவில்லை. உன் பெயர் அதில் எங்கும் வர வேண்டாம், கட்டைவிரல்கள் எல்லாம் எங்களுடையவை. டைப் அடித்தது யார் என்று யாராவது கேட்டால் சொல்லலாமா கூடாதா என்பதை நீயே முடிவு செய்துகொள். அதில் நான் தலையிட மாட்டேன்.

உன்னால் முடியாது என்றால் அதையும் எழுது. நான் உன்னை ஒன்று செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நீ செய்ய மாட்டேன் என்றால் அதற்கு எந்தச் சொல் என்பது இப்போது எனக்கும் தெரியும். அதைப் போட்டு ஒரு வரி எழுதினால், அடுத்த பஸ்ஸில் நானே திருக்கழுக்குன்றம் போய் அந்த ஐயா காலடியில் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்வேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்காது. ஆனால் பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் மௌனத்தை நான் எந்தப் பக்கம் சேர்ப்பேன்? ஒரு மௌனத்தைத் தவறான பக்கம் சேர்த்துத்தான் நம் மணல் இந்த நிலைக்கு வந்தது.

நேற்றுக் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். திரும்பி உட்காரவில்லை, பேசினேன். பெரிய ஆபீசர் வந்தால் இந்தத் தடவை ஒருவரும் துண்டை உதறக்கூடாது, வாயால் சொல்ல வேண்டும் என்றேன். “மூஞ்சிக்கு நேரா வாணாம்னா மருவாதயா இருக்குமா?” என்று கிழக்கு வீட்டுப் பெரியவர் கேட்டார். சுவர் எழும்பினால் மரியாதையாக இருக்குமா என்று நான் கேட்டேன். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்தார்கள் என்று நினைக்கிறாய்? எழுந்து, துண்டை உதறி, கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். நாட்டார் தலையில் கைவைத்துக்கொண்டார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் நான் விடுவதாக இல்லை. இன்று காலையிலிருந்து மரத்துக்கு மரம் போய் ஒவ்வொருவனையும் வாயைத் திறந்து ஒருமுறை சொல்ல வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது வெட்கத்தில் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாலும் ஃபைலில் ஏறும். உன் அம்மாவும் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்தில் முன்வரிசையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்குப் பழக்கிவிட வேண்டிய அவசியமே

இரு மகனே, டீக்கடைக்காரன் வாசலில் நின்று கூப்பிடுகிறான்.

“அண்ணாத்த, ஜீப்பு வந்துகினு கீது. தோப்பாண்ட திரும்பிட்சி. கெழக்கு வூட்டுப் பெரியவரு இப்பவே எழுந்து துண்ட கையில எடுத்துட்டாரு, சீக்கிரம் வா.”

பார்த்தாயா, உன் காகிதம் வருவதற்குள் ஆள் வந்துவிட்டார். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டே சொல்கிறேன், மாமன் எழுதுகிறான். வாயால் சொல்வது வாயோடு போய்விடும், ஆகையால் மாதக் கடைசிக்குள் உன் மனு அந்த ஆபீசுக்குப் போய்ச் சேரத்தான் வேண்டும். அது வரைக்கும் நான்தான் மனு. இப்போது போய் முதலில் பெரியவர் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி என் தோளில் போட்டுக்கொள்வேன். எல்லோரையும் ஜீப்பைப் பார்த்து உட்கார வைப்பேன். ஆபீசர் கேட்டதும் நான் எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, உன் அம்மா அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாளே, அதேபோல அவர் முகத்தைப் பார்த்து,